வரிசை, டோக்கன், சாவி: நிவாரணம் கொடுக்கிற இடம் பற்றிச் சில குறிப்புகள்

1

ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வடசென்னைப் பக்கத்துப் பழைய ஆட்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லக் கேட்டிருக்கலாம். 1782இல் பஞ்சம் பிழைக்கப் பட்டணத்துக்கு ஓடிவந்த சனங்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம். கஞ்சிக்கு வந்தவர்கள் நோயோடு வந்தார்கள், வைத்தியம் சேர்ந்தது, பிறகு ஆஸ்பத்திரி வந்தது. துரையின் பெயரைப் பலகையில் எழுதி இத்தனை வருஷம் ஆகியும் தொட்டி சனங்களின் வாயை விட்டுப் போகவில்லை.

நிவாரணம் கொடுக்கிற இடம் இப்படி ஊரின் உடம்பில் வடுவாகத் தங்கிவிடுகிற சங்கதி. வெள்ளம், புயல், சுனாமி பற்றி நம் பத்திரிகைகளில் கவிதையும் கதையும் நிறைய வந்திருக்கின்றன. யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எந்தக் கட்சி படம் ஒட்டிக் கொடுத்தது என்று சண்டையும் போட்டாயிற்று. எந்த இடத்தில் வைத்து, எந்தக் கதவு வழியாக, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்பதை யாரும் பெரிதாக எழுதக் காணோம். அதெல்லாம் தாசில்தார் சமாச்சாரம், நமக்கென்ன என்கிற நினைப்பு. எனக்கும் அந்த நினைப்புதான் இருந்தது, 2015 டிசம்பர் வரை. யாருக்குக் கிடைக்கும் யாருக்குக் கிடைக்காது என்பதில் பெரும்பகுதி, கொடுக்கிற இடத்தைத் தேர்ந்தெடுக்கிற அந்த நிமிஷத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. மழைக்கு முன்னால் யாரும் தேர்ந்தெடுக்காவிட்டால் மழைக்குப் பின்னால் லாரி டிரைவர் தேர்ந்தெடுப்பார்.

ஃபூக்கோவின் சிறைச்சாலை பற்றிய நூலில் (1975) பனோப்டிகான் வருகிற அத்தியாயம் கொள்ளைநோய் பரவிய ஒரு நகரத்தில் தொடங்குகிறது. நம் ஆட்கள் அந்த அத்தியாயத்தில் கண்காணிப்புக் கோபுரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்; ரொட்டி போன வழியை விட்டுவிட்டார்கள். தெருவுக்கு ஒரு அதிகாரி. வீடுகளை வெளியே இருந்து பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவது அவர் வேலை. தெருவிலிருந்து வீட்டுக்குள் மரத்தால் சின்ன வாய்க்கால் மாதிரி வைத்து ரொட்டியும் திராட்சை மதுவும் உள்ளே அனுப்பப்படுகின்றன. இறைச்சியும் மீனும் கப்பியில் கட்டிய கூடையில் மேலே போகின்றன. பேர் சொல்லிக் கூப்பிடும்போது ஒவ்வொருவரும் ஜன்னலில் வந்து முகம் காட்ட வேண்டும். சோறு போடுவதும் தலை எண்ணுவதும் இங்கே ஒரே காரியம். இதை வைத்துக்கொண்டு 'பட்டியல் என்றாலே அதிகாரம், ஆகவே பட்டியல் வேண்டாம்' என்று சுலபமாக எழுதிவிடலாம். நானே எழுதியிருக்கிறேன். பட்டியலில்லாத இடத்தில் தோள்பலம் உள்ளவன் வாங்கிக்கொண்டு போகிறான் என்பதை நேரில் பார்த்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.

நம்முடைய சொந்த உதாரணமும் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தின்போது (1876-78) ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார், செலவைக் குறைப்பதற்காக. நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் இதில் உயிர் தரிக்காது என்று எதிர்த்தார். இந்தக் கூலிக் கணக்கு பலரும் எழுதியது. அதோடு கூட வந்த தூரக் கணக்கு அவ்வளவாகப் பேசப்படவில்லை. உடம்பில் தெம்புள்ளவர்கள் தங்கள் வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் உள்ள முகாமுக்குப் போனால்தான் வேலை. 'தூரச் சோதனை' என்று பெயர். அத்தனை தூரம் நடந்து வருகிறவன்தான் உண்மையிலேயே பட்டினி கிடப்பவன் என்பது தர்க்கம். பட்டினி கிடப்பவனால் பத்து மைல் நடக்க முடியுமா என்பது அந்தத் தர்க்கத்துக்குள் வரவில்லை. தூரத்தை ஒரு சல்லடையாகப் பயன்படுத்தினார்கள் என்று சொல்ல வேண்டும். சட்டம் எழுதாமலே இன்றைக்கும் அந்தச் சல்லடை வேலை செய்கிறது.

அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற கால்வாய்த் துண்டு. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. நான் குடியிருப்பது அந்தக் கால்வாய் அடையாற்றோடு சேருகிற இடத்துக்குப் பக்கத்தில்.

2

2005 மழைக்காலத்தில் சென்னையில் நடந்த இரண்டு சாவுகளை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. நவம்பர் 6 அன்று வியாசர்பாடியில் வெள்ள நிவாரணம் வாங்க வந்த கூட்டத்தில் நெரிபட்டு 6 பேர். டிசம்பர் 18 அன்று எம்.ஜி.ஆர். நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் 42 பேர். வெள்ளத்தில் பிழைத்தவர்கள் நிவாரணத்தில் செத்தார்கள். எம்.ஜி.ஆர். நகரில் நடந்தது இது: டோக்கன் கொடுப்பது இன்றோடு முடிகிறது என்று ஒரு வதந்தி. விடிவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான பேர் மழையில் கேட்டுக்கு வெளியே. கேட் திறந்தது. முன்னால் இருந்தவர்கள் விழ, பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை.

'மக்கள் முண்டியடித்தார்கள்' என்று செய்தித்தாள்கள் எழுதின. இந்தச் சொல்லாடலை நாம் கவனிக்க வேண்டும். குற்றம் கூட்டத்தின் குணத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கேட்டின் அகலம் தப்பித்துவிடுகிறது. முந்தின வாரம் அந்தக் கேட்டில் 'நாளைக்கும் உண்டு' என்று ஒரு அட்டை தொங்கியிருந்தால், தெருவுக்கு ஒரு நாள் என்று பிரித்திருந்தால், உள்ளே போக ஒரு வழி வெளியே வர இன்னொரு வழி என்று இருந்திருந்தால் என்கிற கேள்விகள் சின்னக் கேள்விகளாகத் தெரியலாம். 42 உயிர் அந்தச் சின்னக் கேள்விகளில்தான் இருந்தது.

அதற்கு முந்தின வருஷம் டிசம்பர் 26இல் சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே நிவாரணம் மீனவர் பஞ்சாயத்துகள் வழியாகப் போனது. பஞ்சாயத்து வலுவாக இருந்ததால் சோறு வேகமாகப் போய்ச் சேர்ந்தது என்பது உண்மை. பஞ்சாயத்துக்கு உள்ளே இல்லாதவர்களுக்குப் போகவில்லை என்பதும் உண்மை. கடற்கரையை ஒட்டிக் கூலிவேலை செய்த தலித்துகள், இருளர்கள், அரவாணிகள் (அன்று புழங்கிய சொல் அது), குடும்பத் தலைவன் செத்துப்போன பெண்கள். தலித்துகளைத் தனி முகாமுக்கு அனுப்பியதும், பொதுவாக வைத்த தண்ணீர்த் தொட்டியில் பிடிக்கவிடாமல் தடுத்ததும் அப்போதே பத்திரிகைகளில் வந்தது. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2005இல் வெளியிட்ட அறிக்கையிலும் சாதிப் பாகுபாடு பதிவாகியிருக்கிறது. தொட்டி வைத்தவர்கள் சாதி பார்த்து வைக்கவில்லை. சாதி பார்க்காமல் வைத்ததுதான் பிரச்சினை. தொட்டி நிற்கிற மண் யாருடைய தெரு என்று கேட்காதவனுக்கு அந்தத் தெருவின் சாதி தொட்டிக்கும் வந்துவிடும் என்பது தெரிவதில்லை.

(அதே நாகையில் நாடு முழுக்கவிருந்து வந்து குவிந்த பழைய துணிகள் ரோட்டோரத்தில் மழையில் நனைந்து நாறிக்கொண்டிருந்தன. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஒரு நிவாரண மையம் இரண்டே நாளில் குப்பைமேடு ஆகிவிடும்.)

3

2015. டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி. அன்று ராத்திரி அடையாறு எங்கள் பகுதிக்குள் வந்தது. இரண்டு நாள் கழித்து மெயின்ரோட்டில் தண்ணீர் வடிந்ததும் லாரிகள் வந்தன. திருச்சியிலிருந்து, கோவையிலிருந்து, பெங்களூரிலிருந்து. நல்ல மனசோடு வந்த லாரிகள். அவை எல்லாம் ஒரே இடத்தில் நின்றன. ஏன் என்று எனக்குப் புரிய ஒரு நாள் ஆயிற்று: லாரி திரும்புகிற அளவுக்கு அகலமான இடம் அது ஒன்றுதான். அந்த முனையில் இருந்த வீடுகளில் பிரெட் பாக்கெட் பூஞ்சணம் பிடித்தது. அரை கிலோமீட்டர் உள்ளே கால்வாய் ஓரக் குடிசைகளுக்கு மூன்றாம் நாள்வரை தண்ணீர் பாட்டில்கூடப் போகவில்லை.

நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒரு வாசகர் வட்டம், தொழிற்சங்கத்துத் தோழர் ஒருவர், கல்லூரி மாணவிகள் இரண்டு பேர். 'நாமே ஒரு மையம் போடுவோம்' என்று முடிவு செய்து மேடான இடத்தில் இருந்த ஒரு கல்யாண மண்டபத்தைக் கேட்டு வாங்கினோம். பெரிய ஹால், சமையல்கட்டு, கக்கூஸ், ஜெனரேட்டர். கால்வாய் ஓரத்துக்கு ஆள் அனுப்பிச் சொன்னோம். வரவில்லை. அதாவது ஆண்கள் சிலர் வந்தார்கள், வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வரவில்லை. 'கூச்சப்படுறாங்க' என்றார் எங்களில் ஒருவர். நானும் அதை நம்பினேன். இரண்டு மாதம் கழித்து, வயதான ஒரு அம்மா சொன்னார்:

"இன்னா சார், நீங்க அந்த மண்டபத்துல வெச்சீங்க. அங்க நாங்க கல்யாணத்துக்கு எலை எடுக்கத்தானே போவோம். பின்னால கேட்டு வழியா. முன்னால கேட்டுல எப்டி சார் போறது? சோறு குடுக்கறாங்கன்னா எங்க கண்ணுக்கு அது எச்செலதான்."

விளிம்புநிலை மக்களைப் பற்றிப் பத்துப் பதினைந்து வருஷமாக எழுதிக்கொண்டிருந்த ஆள் நான். அந்த மண்டபத்துக்கு ஒரு பின்கேட் இருக்கிறது என்பதை நான் பார்த்ததே இல்லை.

4

அதற்குப் பிறகு நாங்கள் உட்கார்ந்து போட்ட கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேறு பகுதித் தோழர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் தண்ணீர். கால்வாய் ஓரமும் பின்தெருக்களும் சேர்த்து 300 குடும்பம், சுமார் 1200 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 3600 லிட்டர், அதாவது 180 கேன். ஒரு கேன் 20 கிலோ. இடுப்பளவு சேற்றில் அதை யார் தூக்குவது? குளிக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு 15 லிட்டர் என்று 'ஸ்ஃபியர்' நெறிகள் சொல்கின்றன (தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து 1997 முதல் உருவாக்கிய குறைந்தபட்ச அளவுகள்). அப்படிப் பார்த்தால் 18,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஒன்றரை லாரி. குழாய் ஒன்றுக்கு 250 பேருக்கு மேல் கூடாது, வீட்டிலிருந்து 500 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதில் உண்டு. எங்களுக்கு ஐந்து குழாய் வேண்டும். டெம்பிளின் பத்து மைலையும் இந்த 500 மீட்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் எண்கள்தான். ஒன்று ஆளை வடிகட்ட, மற்றது ஆளிடம் போய்ச்சேர.

அடுத்தது வரிசை. பேரைச் சரிபார்த்துப் பையைக் கையில் கொடுக்க ஒரு குடும்பத்துக்கு ஒரு நிமிஷம் ஆகும். 300 குடும்பம் என்றால் 5 மணி நேரம், ஒரே மேசை வைத்தால். இரண்டு மேசை போட்டு, நாலு பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நேரம் சொல்லிவிட்டால் யாரும் முக்கால் மணிக்கு மேல் நிற்க வேண்டாம். கர்ப்பிணிகளும் வயசானவர்களும் வரிசைக்கே வர வேண்டாம், அடுத்த வீட்டுப் பிள்ளை வாங்கிப் போகலாம். பொழுது சாய்ந்த பிறகு விநியோகம் கிடையாது. அது பெண்கள் வைத்த நிபந்தனை. டாஸ்மாக் இருக்கிற தெரு கூடாது என்பதும் அவர்கள் வைத்ததே. எங்கள் ஆண் தோழர்களின் வரைபடத்தில் டாஸ்மாக்கைக் குறிக்கவே இல்லை. எல்லோருக்கும் தெரிந்த இடம்தானே என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

பிறகு இடம். 'மையம்' என்ற சொல்லையே நாங்கள் கைவிட வேண்டிவந்தது (கோட்பாட்டு விரோதத்தால் இல்லை). ஒரு இடம் போதாது, மூன்று வேண்டும். லாரி நின்று சரக்கை இறக்குகிற இடம் ஒன்று, மெயின்ரோட்டு ஓரத்தில். பிரித்து அடுக்குகிற இடம் ஒன்று, மேடாக, பூட்டக்கூடியதாக. பழைய துணியும் கெட்டுப்போன பிரெட்டும் இங்கேயே நின்றுவிட வேண்டும். கையில் கொடுக்கிற இடம் ஒன்றோ இரண்டோ, சனங்கள் நடந்து வருகிற தூரத்தில். மூன்றையும் ஒன்றாக்கினால், இறக்குகிற மூட்டையைப் பார்த்தபடி பசியோடு நிற்கிற வரிசை. பிறகு 'கொள்ளை' என்று செய்தி வரும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சரக்கு கொண்டுபோக மீன்பாடி வண்டி. எந்தச் சந்திலும் நுழையும், முழங்கால் தண்ணீரிலும் தள்ளலாம். எங்கள் பகுதியில் மீன்பாடி வண்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர், நாலு பேரும் கால்வாய் ஓரத்துக்காரர்கள். அவர்களைக் கணக்கில் எடுத்தவுடன் திட்டத்தின் தலை கால் மாறிப்போயிற்று. அதுவரை 'பயனாளி'யாக இருந்தவர்களிடம் போக்குவரத்து முழுக்கப் போய்விட்டது.

மேடு எது பள்ளம் எது என்பதற்கு வரைபடம் உதவவில்லை. கிழவிகள் உதவினார்கள். சுவரில் கை வைத்து, 'இந்த அளவுக்கு 2005ல, இந்த அளவுக்கு 2015ல' என்று காட்டினார்கள்.

கையில் கொடுக்கிற இடத்துக்கு என்ன வேண்டும்? எல்லோரும் ஏற்கெனவே முன்வாசல் வழியாக நுழைந்து பழகிய இடமாக இருக்க வேண்டும். கோயில், தேவாலயம், மசூதி எதுவும் சரிவராது என்று நான் வாதாடினேன். 2015இல் மசூதிகள் எல்லா மதத்தவருக்கும் கதவைத் திறந்துவிட்டதைச் சொல்லி ஒரு தோழி என்னை மடக்கினார். பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் மாநகராட்சிப் பள்ளி, சத்துணவுக்கூடத்துப் பக்கம். இரண்டு கேட் உண்டு. தட்டோடு வரிசையில் நிற்பது அங்கே அவமானமாக இல்லாத விஷயம், பிள்ளைகள் தினமும் நிற்கிறார்கள். ஒரு சிக்கல்: வெள்ளம் வந்தால் அதே பள்ளியில்தான் சனங்களைத் தங்க வைப்பார்கள். தங்குகிறவர்களின் படுக்கை ஓரமாக ஊரே வந்துபோகக் கூடாது. ஆகவே தங்குவது ஒரு கேட், விநியோகம் மறு கேட். இன்னொரு சிக்கல் சாவி. வாட்ச்மேனிடம் ஒன்று, தலைமையாசிரியரிடம் ஒன்று. இரண்டு பேருமே ஆற்றைத் தாண்டிக் குடியிருப்பவர்கள். கொள்ளைநோய் நகரத்தின் அந்தச் சாவி இங்கே வந்து நிற்கிறது. மூன்றாவது சாவிக்காக எழுதிக் கொடுத்த மனு பலவருஷம் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது.

இதற்கிடையில் கால்வாய்க்கு மேலேயே ஒரு வினோதம் இருக்கிறது: பறக்கும் ரயில் நிலையங்கள். வேலையில்லாத மண்டபம் மண்டபமாக, வெள்ளத்துக்கு எட்டாத உயரத்தில் காலி இடம். பஞ்ச நிவாரணத்தில் வெட்டிய கால்வாயில் தூண் நட்டுக் கட்டியவை. வெள்ளத்தில் ரயில் நின்றதும் நிலையத்தையும் பூட்டிவிட்டால் கால்வாய் ஓரத்துக்காரன் அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இதையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

என்னென்ன சாமான் என்பதற்கு நீளமாக எழுத வேண்டியதில்லை. அரிசி பருப்பு எல்லோருக்கும் நினைவு வரும். நாப்கின், கைக்குழந்தைக்கு வேண்டியது, குளோரின் மாத்திரை, உப்பு சர்க்கரைக் கரைசல், கொசுவத்தி, சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எங்கே குளிரில் இருக்கும் என்கிற தகவல், போன் சார்ஜ் போட ஒரு பேட்டரி. ஒரு கரும்பலகை. அதில் நாளைக்கு என்ன, எத்தனை மணிக்கு என்று தினமும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் 'இன்னைக்கே கடைசி' என்கிற வதந்தி அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். போட்டோ எடுக்கக் கூடாது என்று தடை போட்டோம். அதில்தான் உள்ளுக்குள் பெரிய தகராறு. கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே என்கிற அந்தப் படம் இல்லாமல் கொடுத்ததற்குச் சாட்சி ஏது என்றார்கள் சிலர். அவர்களைப் பரிகசிக்க எனக்கு யோக்யதை இல்லை. மண்டபத்தில் நான் கொடுக்கிற மாதிரி ஒரு படம் இருக்கிறது. சந்தோஷமாகத்தான் நிற்கிறேன்.

பட்டியலை ரேஷன் கார்டு வைத்துப் போடவில்லை. தெருவில் நடந்து, அடுப்பை எண்ணிப் போட்டோம். கார்டு இல்லாத வாடகைக்காரர்கள், கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் இருக்கிற ஒடிசாவும் பீகாரும், ஒரே அறையில் ஐந்து திருநங்கைகள், பிளாட்பாரத்து இஸ்திரி வண்டிக் குடும்பம் எல்லாம் அடுப்புக் கணக்கில் வந்துவிட்டார்கள். ஒரு பிரதிதான் உண்டு. அது தெருப் பெண்களிடம் இருக்கிறது. எந்த அலுவலகத்துக்கும் கொடுப்பதில்லை என்று தீர்மானம். அடுத்த தடவை யாரைக் காலி செய்வது என்பதற்கும் பட்டியல் தேவைப்படுமே.

5

அந்தப் பயம் வெறும் பயமாக இருக்கவில்லை. 2015க்குப் பிறகு ஆற்றோரக் குடியிருப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றவாம். கொண்டுபோய் வைத்தது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துப் பக்கம். எங்கள் பட்டியலில் இருந்த அடுப்புகளிலும் பல அங்கே போய்விட்டன. மீன்பாடி வண்டிக்காரர்களில் இரண்டு பேரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் திட்டம் ஓரளவு ஓடியது. பள்ளிக்கூடத்தின் பின்கேட்டை உடைத்துத்தான் திறந்தோம். அரசாங்கமும் அந்தத் தடவை 6000 ரூபாய் நிவாரணத்துக்கு முன்கூட்டியே டோக்கன் கொடுத்து, ரேஷன் கடைகளில் பிரித்துப் பிரித்து வழங்கியது. 2005ஐ நினைத்தால் இது எவ்வளவோ தேவலை, ஒத்துக்கொள்ள வேண்டும். கார்டு இல்லாதவன் மனு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். சோறு கார்டின் பின்னால் போகிறது, ஆளின் பின்னால் இல்லை.

பெரும்பாக்கத்துக்கு அந்த மழையில் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு போனோம். அந்த எச்சிலை அம்மா இப்போது ஏழாவது மாடியில் இருக்கிறார். கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, கீழே இடுப்பளவு தண்ணீர், மேலே குழாயில் சொட்டு இல்லை. பிள்ளைகள் கயிற்றில் வாளி கட்டி இறக்கியிருக்கிறார்கள். கீழே யாராவது எதையாவது போட்டால் இழுத்துக்கொள்ள. ஃபூக்கோவின் கப்பியும் கூடையும் என் நினைவுக்கு வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

"உங்க கணக்குல எத்தன மீட்டர்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஐந்நூறும்மா."

"இது குறுக்கால ஐந்நூறு மீட்டரு. மேல எத்தன படின்னு கணக்குல இருக்கா?"

இல்லை. ஸ்ஃபியரிலும் நான் பார்த்தவரை இல்லை. இரண்டு மாடிக்கு ஒரு தளத்தில் கேன் அடுக்க இடம் பார்ப்பது, ஒவ்வொரு தளத்திலும் தூக்குவதற்கு இளவட்டங்களில் ஆள் குறிப்பது, கப்பியை மொட்டைமாடியில் நிரந்தரமாகவே மாட்டிவிடலாமா என்று பார்ப்பது என்று பேச ஆரம்பித்திருக்கிறோம். மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கிறது. சாவி யாரிடம் என்று நாங்கள் கேட்ட நாலு பேரும் நாலு பேரைச் சொன்னார்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் சாவி வைத்திருப்பவர் பெயரை எழுதி வரும் வேலையை அந்த அம்மாவின் பேத்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆடி முடிவதற்குள் கொடுத்துவிடுகிறேன் என்றிருக்கிறாள்.